ஷோபேண்டுகளின் காலம்: பாடகர்களின் நினைவில் அயர்லாந்து

1950களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அயர்லாந்தின் சிற்றூர்களையும் நகரங்களையும் ஆட்டிவைத்த ஷோபேண்டுகளின் வரலாற்றுக்கு, அக்குழுக்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளைவிட அவற்றில் பாடியவர்களின் நினைவுகளே வளமான ஆதாரமாக உள்ளன. கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றோடு டிரம்பெட், டிரோம்போன், சாக்ஸஃபோன் முதலிய ஊதுகருவிகளையும் கொண்டு, ஏழெட்டுப் பேராக வேனில் ஊர் ஊராகச் சென்று, லக்ஸம்பர்க் வானொலி வழியாகப் பரவிய புதிய பாடல்களை மேடையில் பாடியும் ஆடியும் மக்களை நடனமாட வைத்த குழுவே ஷோபேண்ட் எனப்பட்டது. பிறர் பாடல்களைப் பாடியதால் இவற்றை வெறும் நகல் என்று ஒதுக்கும் விமர்சகர்கள், அந்தக் கலை மேடையில்தான் இருந்தது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

அதற்கு முன்பிருந்த நடன இசைக்குழுவினர் இசைக்குறிப்புத் தாங்கிகளின் பின்னால் அமர்ந்தபடியே வாசித்தனர். ஸ்ட்ராபேன் ஊரைச் சேர்ந்த கிளிப்பர் கார்ல்டன் குழு அத்தாங்கிகளை அகற்றிவிட்டு, எழுந்து நின்று, பிரபலப் பாடகர்களைப் போல நடித்துக்காட்டிப் பாடியபோது புதிய வடிவம் பிறந்தது. வாட்டர்ஃபோர்டில் உருவான ராயல் ஷோபேண்டின் பாடகர் பிரெண்டன் போயர், மேடையில் துள்ளிக் குதித்து ஆடியபடி பாடிய ‘ஹக்கிள்பக்’ 1965இல் அயர்லாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1962 ஏப்ரலில் லிவர்பூலின் பெவிலியன் அரங்கில் இக்குழுவே முதன்மை நிகழ்ச்சியை வழங்க, அதற்குத் துணை நிகழ்ச்சி நடத்தியவர்கள் பீட்டில்ஸ் குழுவினர்.

நடன மண்டபங்களில் இரவு ஒன்பது மணியளவில் தொடங்கும் நடனம் நள்ளிரவைத் தாண்டியும் நீடிக்கும். ஆண்கள் ஒரு சுவரோரமும் பெண்கள் எதிர்ச்சுவரோரமும் நிற்க, மும்மூன்று பாடல்களாக விரைவான தாளமும் மெதுவான தாளமும் மாறிமாறி வரும். விற்பனை மேடையில் கிடைப்பது மதுவன்று, எலுமிச்சைப் பானமும் தேநீரும்தான். கடற்படைச் சீருடை அணிந்த கேடட்ஸ் குழுவில் பாடிய ஐலீன் ரீட், 1964இல் வெளிவந்த மணப்பெண் ஆடை பற்றிய தம் பாடலை மேடையில் மணப்பெண் ஆடையிலேயே பாடினார். ஆண்களே நிறைந்திருந்த இத்துறையில் ஒரு பெண் முன்வரிசைக்கு வந்ததன் அடையாளம் அந்த வெண்ணிற ஆடை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் திருச்சபையின் கட்டுப்பாட்டால் பெரும்பாலான மண்டபங்கள் மூடப்பட்டதால், குழுக்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்று, லண்டன் கிரிக்கிள்வுட்டின் கால்டிமோர் போன்ற மண்டபங்களில், பிழைப்புக்காக அங்கு குடியேறியிருந்த தம் நாட்டினருக்கு முன் பாடின.

இந்நினைவுகளில் மிகக் கொடியது மயாமி ஷோபேண்டினுடையது. வட அயர்லாந்தில் வன்முறை மூண்டிருந்த காலத்திலும் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டினரும் ஒரே மேடையில் நின்ற இக்குழு, 1975 ஜூலை 30 இரவு பான்பிரிட்ஜில் பாடி முடித்துத் திரும்புகையில், நள்ளிரவு கடந்த நேரத்தில் நியூரிக்கு அருகே இராணுவச் சீருடையில் நின்ற ஆயுதக் குழுவினர் வேனை மறித்தனர். உறுப்பினர்களைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வேனுக்குள் வைத்த குண்டு உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, வைத்தவர்களில் இருவர் மாண்டனர். எஞ்சியவர்கள் துப்பாக்கியால் சுட்டதில் முதன்மைப் பாடகர் ஃபிரான் ஓ’டூல், டோனி ஜெராட்டி, பிரையன் மெக்காய் ஆகியோர் உயிரிழந்தனர். உயிர் தப்பி நியூரி காவல் நிலையத்துக்குச் செய்தி கொண்டு சென்றவர், சாக்ஸஃபோன் கலைஞரும் பாடகருமான டெஸ் லீ. அவரும், படுகாயமுற்று மீண்ட பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீபன் டிராவர்ஸும், அங்கு ஆணையிட்டவர் ஆங்கிலேய உச்சரிப்பில் பேசிய ஓர் அதிகாரி என்பதை உறுதியாகக் கூறிவந்தனர். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் இராணுவத்தின் பகுதியாக இயங்கிய அல்ஸ்டர் பாதுகாப்புப் படைப்பிரிவைச் சேர்ந்த இருவர் 1976இல் தண்டிக்கப்பட்டனர். அரசுத் தரப்பின் உடந்தை குறித்த வழக்கு 2021 டிசம்பரில்தான், உயிர் பிழைத்தோருக்கும் இறந்தோர் குடும்பங்களுக்கும் இழப்பீடு வழங்கும் உடன்பாட்டில் முடிந்தது.