கத்தியும் கிரீடமும்: நாமக்கல் கவிஞரின் இரண்டு சித்திரங்கள்

நாமக்கல் மலையடிவாரக் குடைவரையில் நம்மை நிறுத்திவிடுவது ஒரு புடைச்சிற்பம். எந்த ஆயுதத்தாலும் சாகாத வரம் பெற்ற இரணியனை நரசிம்மம் நகத்தால் கிழிக்கிறது. கத்தி இல்லை, ஆனால் குருதி உண்டு. இந்த மலையின் பெயரால் அறியப்பட்ட கவிஞர் ஒருவர், ஆயுதமும் குருதியும் இரண்டுமே இல்லாத போர் ஒன்றைப் பாடினார் என்பது யோசிக்கத்தக்கது. சிற்பத்தை மனத்தில் வைத்துத்தான் அவர் பாடினார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தெய்வமும் போரும் ஒரே மூச்சில் பேசப்படும் மண்ணில் அவர் வளர்ந்தார்.

வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் காவிரிக்கரை மோகனூரில் பிறந்தவர். தந்தை காவல்துறையில் பணிபுரிந்தவர். சர்க்கார் சம்பளத்தில் நடந்த குடும்பம். இராமலிங்கம் முதலில் ஓவியராகவே பெயர் பெற்றார். 1911 டிசம்பரில் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு தர்பார் நடந்தது. அதையொட்டி அவர் தீட்டிய படத்தில், இந்திய வரைபடத்தின் நடுவே பாரத மாதா நின்று மன்னருக்கு முடி சூட்டுகிறாள். அப்படம் அவருக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத்தந்தது.

இதை வெறும் ராஜபக்தி என்று ஒதுக்கிவிட முடியுமா? வங்கத்தில் அவனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை நான்கு கரங்களுடன் தீட்டியது 1905-இல், பிரிவினைக் கிளர்ச்சியின்போது. பாரதியின் பாஞ்சாலி சபதம் முதற்பாகம் 1912-இல் வெளிவந்தபோது, சபையில் மானபங்கப்பட்டவளாகத் தாயைப் படித்தவர்கள் உண்டு. அதே தாய் நாமக்கல் ஓவியரின் தூரிகையில் அந்நிய அரசனுக்கு அருள்கிறாள். சின்னம் ஒன்றே, அது யாருக்குச் சாட்சி சொல்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஓவியர் தம் இரண்டு விசுவாசங்களையும் ஒரே சட்டத்துக்குள் சமாதானமாக நிறுத்திவிட்டார்.

அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திய உப்பு யாத்திரைக்கு இராமலிங்கம் நடைப்பாட்டு எழுதினார். யாத்திரிகருக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டிவைத்தனர் என்பது அந்த நாட்களின் செய்தி. சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் இடையில் பிளவுண்டவர்கள் கண்டுபிடித்த வழி அது. அவர் பாட்டிலும் பக்தி குறையவில்லை. காந்தி காட்டும் நெறி தெய்வநெறியாகிறது. ஆனால் தெய்வத்தின் கையிலிருந்த ஆயுதம் போய்விட்டது. கொல்லும் விருப்பமும் உடன் போயிற்று. 1932-இல் கவிஞர் ஓராண்டு சிறை சென்றார்.

இங்கே ஓர் யூதக் கவிஞரை நினைத்துக்கொள்வது பயன் தரும். ஹயிம் கூரி 1923-இல் தெல் அவிவில் பிறந்தவர். 1948 போரில் களம் கண்டவர். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடச் சென்ற விவிலியக் கதையை அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்று எடுத்துக்கொள்கிறது. ஆட்டுக்கடா வந்தது, மகன் பிழைத்தான்; ஆயினும் அவன் சந்ததி அந்தக் கத்தியை நெஞ்சில் தாங்கியே பிறக்கிறது என்பது அதன் சாரம். தேசத்துக்கும் பெற்ற பிள்ளைக்கும் இடையில் கிழிபட்ட தலைமுறை தன்னை அதில் கண்டது. தொன்மம் அங்கே ஆறுதல் தரவில்லை, கணக்குக் கேட்கிறது.

நம் கவிஞர் கத்தியைக் கீழே வைத்தார். கூரி அது எங்கே போயிற்று என்று தேடினார். நம் தேசியக் கவிதை பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை என்றே தோன்றுகிறது. யாத்திரிகர் மீது தடியோங்கிய காவலரும் தமிழரே. இராமலிங்கத்தின் தந்தை அணிந்த சீருடையே அவர்களுடையதும். அந்தத் தடியின் வலியைப் பாடுவதற்குத் தாய் என்ற சின்னம் போதுமானதாக இருக்கவில்லை.

1949-இல் அவர் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானார், 1972-இல் மறைந்தார். ஆங்கிலேயர் எழுப்பிய புனித ஜார்ஜ் கோட்டைக்குள் பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டடம் அவர் பெயரால் 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று வழங்குகிறது. பாட்டு இன்றும் பள்ளிகளில் ஒலிக்கிறது. முடிசூட்டு ஓவியத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இரண்டையும் ஒரே கை தீட்டியது என்பதை மறவாதிருந்தால், அந்தப் பாட்டு நமக்கு இன்னும் கனமாகக் கேட்கும்.