பாலைவனத்தில் ஒரு பானை உறி

உறி தெரியும்தானே? அனந்தபுரம், செஞ்சி பக்கம் பழைய வீடுகளில் பூனைக்கு எட்டாமல் தயிர்ப்பானையைத் தொங்கவிடுவார்களே, அந்தக் கயிற்று உறிதான். அந்த வார்த்தை இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே எகிப்துக்குப் போயிருக்கிறது!

செங்கடல் கரையில் குஸேர் அல்-காதிம் என்று ஓர் இடம். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் மியோஸ் ஹார்மோஸ். அங்கிருந்து வருடத்துக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போனதாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று இருந்தது. படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். 'கணன்', 'சாதன்' என்று பெயர் பொறித்த ஓடுகள் அதற்கும் முன்பே கிடைத்திருந்தன.

நம் ஆட்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொண்டு பெருமைப்பட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் கப்பல் கரை சேர்ந்தால் வேலை முடியவில்லை. மிளகு ரோமுக்குப் போக முதலில் நைல் நதியை எட்ட வேண்டும். நடுவில் சுமார் 180 கிலோமீட்டர் பாலைவனம். மொட்டை மலைகள், வறண்ட ஓடைப் பள்ளங்கள். சரக்கு ஒட்டகத்தின் மேல் ஏறியது. பயணம் ஆறேழு நாள்.

வழியில் கிணறு வெட்டி, சுற்றிக் கோட்டை கட்டிக் காவல் வைத்தார்கள் ரோமானியர்கள். அங்கிருந்த சிப்பாய்கள் பானை ஓடுகளில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். காய்கறி அனுப்பியது பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள்! பாலைவனத்து மக்களும் அந்த ஓடுகளில் வருகிறார்கள், 'காட்டுமிராண்டிகள்' என்ற பெயரில். கி.பி. 118-இல் அறுபது பேர் ஒரு காவல் கோட்டையைத் தாக்கியதாக ஒரு ஓடு சொல்கிறது. ரோமானியர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் தரப்புக் கதை எந்த ஓட்டிலும் இல்லை. வணிகன் கணனுக்கு ஒரு பெயராவது மிஞ்சியது.

பெதூயின் என்றால் நமக்கு அரேபியாதான் ஞாபகம் வரும். இந்தப் பாலைவனத்தில் இன்று ஒட்டகமும் ஆடும் வளர்ப்பவர்களில் முக்கியமானவர்கள் அபாப்தா மக்கள். பேசுவது அரபி, சூடானின் பேஜா மக்களோடு உறவு உண்டு. விருந்தாளி வந்தால் பச்சைக் காப்பிக்கொட்டையை நெருப்பில் வறுத்து, இஞ்சியோடு இடித்து, 'ஜபனா' என்ற சின்ன மண்குடுவையில் காய்ச்சுவார்கள். சின்னக் கோப்பை, நிறையச் சர்க்கரை. அவசரப்படுகிறவர்களுக்கு அது சரிப்படாது.

குஸேருக்குத் தெற்கே பெரனிகே என்ற இன்னொரு துறைமுகத்தைத் தோண்டியபோது மண் வெட்டியவர்களில் அபாப்தாக்களும் உண்டு. அங்கேதான் ஒரு கோயிலில், இந்தியாவில் செய்த பானைக்குள், ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது.