அரணாக நின்ற தாய்



காற்பந்து என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது கோல் போட்டவரின் பெயர்தான். கோலைத் தடுத்தவரை யாரும் அதிகம் பேசுவதில்லை. தற்காப்பு ஆட்டக்காரர் 89 நிமிடம் தவறின்றி ஆடியிருக்கலாம். கடைசி நிமிடத்தில் ஒருமுறை சறுக்கினால் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழும். அப்படிப்பட்ட இடத்தில் 18 ஆண்டுகள் நின்ற ஒரு பெண்மணியின் கதையை இன்று சொல்ல வந்திருக்கிறேன். அவர் அமெரிக்காவின் கிறிஸ்டி ரம்போன்.

1975ஆம் ஆண்டு பிறந்த இவர், நியூ ஜெர்சி மாநிலத்தில் பாயிண்ட் பிளசண்ட் என்ற கடலோர ஊரில் வளர்ந்தவர். மான்மவுத் பல்கலைக்கழகத்தில் காற்பந்து, கூடைப்பந்து, லக்ரோஸ் என மூன்று விளையாட்டுகளிலும் ஆடினார். அங்கே அவர் கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரர். 1997இல் தேசியக் குழுவில் இடம் கிடைத்தபோது பின்வரிசைக்கு மாற்றப்பட்டார். புகழ் கிடைக்கும் இடத்தை விட்டுப் பொறுப்பு மிகுந்த இடத்திற்கு வந்தார் என்றே சொல்லவேண்டும்.

1999 உலகக் கிண்ண இறுதியாட்டத்தைக் காண ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர் திரண்டனர். சீனாவைப் பெனால்டியில் வென்ற அந்தக் குழுவில், கிறிஸ்டி பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். ஆனால் கண்முன்னே ஒரு பாடம் இருந்தது. மூத்த தற்காப்பு ஆட்டக்காரரான ஜாய் ஃபாசட், பிள்ளை பெற்ற பிறகும் ஒரு நிமிடம்கூட ஓய்வின்றி அந்தப் போட்டி முழுவதையும் ஆடி முடித்தார். அவரைப் போன்ற தாய்மார்கள் குழந்தைகளையும் பயணத்தில் உடன் அழைத்து வந்தனர்.

அந்த வெற்றியின் சூட்டோடு 2001இல் பெண்களுக்கான நிபுணத்துவ லீக் ஒன்று 8 குழுக்களுடன் தொடங்கியது. கிறிஸ்டி நியூயார்க் பவர் குழுவில் சேர்ந்தார். ஆனால் பணம் கரைந்தது. 2003 உலகக் கிண்ணம் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது அந்த லீக் மூடப்பட்டது. நாட்டுக்காக ஆடப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்களின் வேலை போய்விட்டது!

அவர் மனம் தளரவில்லை. 2004இல் ஒலிம்பிக் தங்கம். 2005இல் முதல் மகள். மீண்டும் திடல். 2008இல் குழுத் தலைவி. பெய்ஜிங்கில் பிரேசிலை 1-0 என வென்று இன்னொரு தங்கம்.

2009இல் புதிய லீக் பிறந்தது. அவர் ஆடிய ஸ்கை புளூ குழுவில் ஒரே பருவத்தில் இரண்டு பயிற்றுநர்கள் அடுத்தடுத்து விலக நேர்ந்தது. பருவத்தின் இறுதிக் கட்டத்தில், பயிற்றுநர் பொறுப்பும் கிறிஸ்டியின் தோளில் ஏறியது. நான்காம் இடத்தில் இருந்த அந்தக் குழு, வாஷிங்டன், செயிண்ட் லூயிஸ் குழுக்களை வீழ்த்தி, இறுதியில் முதலிடத்திலிருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவை 1-0 என வென்று வெற்றியாளர் ஆனது. ஆடியவரும் அவர், ஆட்டுவித்தவரும் அவர். அப்போது அவர் ஏறக்குறைய மூன்று மாதக் கர்ப்பிணி என்பது பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. 2010 மார்ச்சில் இரண்டாவது மகள் பிறந்தாள்.

அந்த லீக்கும் 2012இல் மூடப்பட்டது. அதே ஆண்டு லண்டனில், 80,203 பேர் முன்னிலையில், ஜப்பானை 2-1 என வென்று மூன்றாவது தங்கத்தைப் பெற்றார். 2013இல் மூன்றாவது லீக் வந்தபோது, தேசிய ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் காற்பந்துச் சங்கமே ஏற்றது. இம்முறை லீக் நிலைத்தது.

2015 ஜூலை 5, வான்கூவர். உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் கிறிஸ்டி. வயது 40. ஜப்பானை 5-2 என வென்று, 16 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணத்தை மீண்டும் தூக்கினார். 1999 குழுவில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. மொத்தம் 311 அனைத்துலக ஆட்டங்கள். அடித்த கோல்கள் நான்கு. அந்த நான்கை வைத்து அவரை அளந்தால் நாம்தான் தோற்றவர்கள்.

அன்பர்களே, இதை ஒரு பெண்ணின் மன உறுதிக் கதை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உறுதி எத்தனையோ பேரிடம் இருந்திருக்கும். லீக் மூடியபோது வீடு திரும்பியவர்கள், பிள்ளை பிறந்ததும் காலணியைக் கழற்றி வைத்தவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. குழந்தையைக் கூட்டிச் செல்லவும், திரும்பி வரும்போது இடம் கிடைக்கவும் வழி இருந்ததால்தான் கிறிஸ்டியின் உறுதி பலித்தது. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, 14 வாரப் பிரசவ விடுப்பையும் அக்காலத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குச் சம்பளத்தையும் கட்டாயமாக்கியது 2021இல்தான். அதற்குள் கிறிஸ்டி ஓய்வு பெற்றுவிட்டார்.

நம் வீட்டுப் பெண் பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போகிறாள் என்றால், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால், "நாற்பது வயது வரைக்கும்" என்று பதில் சொல்லுங்கள்.