லைசென்ஸ் இந்தியாவுக்கு, காது சிலோனுக்கு

இன்னைக்குக் கதை எங்க ஆச்சி வீட்டு பீரோவில் கிடைத்த ஒரு சின்னப் புத்தகத்தில் தொடங்குது. ரேடியோ லைசென்ஸ். நம்புங்க, 1980-கள் வரைக்கும் இந்தியாவில் வீட்டில் ரேடியோ வச்சிருந்தா, தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸைப் புதுப்பிக்கணும்.

"ஆச்சி, அப்போ திருச்சி ஸ்டேஷன் நல்லா இருக்குமா?"ன்னு கேட்டேன்.

"திருச்சியா? அத யாருல கேட்டா? சிலோன்தான்."

பணம் வாங்கினது இந்திய அரசு. பாட்டுப் போட்டது இலங்கை அரசு. இது எப்படி நடந்தது?

முதல் காரணம் கடல். மேப்பை எடுத்துப் பாருங்க. தூத்துக்குடியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் 230 கி.மீ. போல. கொழும்பு 270 கி.மீ. போல. பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா திருச்சி அலை தரை மேல வரணும், கொழும்பு அலை கடல் மேல வரும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நல்லாக் கடத்தும். அதனால மத்திய அலை வானொலி கடல் மேல வலு குறையாமல் வெகுதூரம் போகும். சிற்றலையில் தமிழ்நாடு முழுக்க சிலோனைக் கேட்டது என்றால், எங்க கரைக்காரங்களுக்கு அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி.

இரண்டாவது காரணம் போர். 1944-இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். ஊரை விட்டு வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பாட்டும் சிரிப்பும் வேணுமே? அதற்காக இலங்கையில் ரேடியோ சீயாக் ஓடியது, பலம் வாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டரோடு. அதே காலத்தில் லண்டனிலும் இதே யோசனைதான். 1945 ஜூலை 29-இல் பிபிசி, 'லைட் புரோகிராம்' என்று பொழுதுபோக்குக்கே தனி அலைவரிசை தொடங்கியது. மறு வருஷமே நேயர்கள் கேட்ட பாட்டைப் போடும் 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்' வந்துவிட்டது. சீயாக்கில் அறிவிப்பாளராக இருந்த டேவிட் ஜேகப்ஸ், பின்னாடி பிபிசியில் பெரிய நட்சத்திரம்.

சிப்பாய்கள் கிளம்பிப் போனாங்க. டிரான்ஸ்மிட்டர் சிலோன் அரசின் கைக்கு வந்தது. 1950-இல் ரேடியோ சிலோன் வர்த்தக சேவை ஆரம்பம். அதை நடத்த வந்தவர் கிளிஃபோர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர்.

மூன்றாவது காரணம், நம்ம டெல்லி. 1952-இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. மக்கள் காதை சாஸ்திரிய சங்கீதத்துக்குப் பழக்கணும் என்பது அவர் எண்ணம். பாட்டுப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அது விளம்பரமாம். தயாரிப்பாளர்கள் கோபத்தில் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போச்சு. அங்கே விளம்பரமும் கிடையாது. இந்தியக் கம்பெனிகள் காசை எடுத்துக்கிட்டு கொழும்புக்குப் போச்சு. புகழ்பெற்ற 'பினாக்கா கீத்மாலா' பம்பாயில் பதிவாகி, டேப்பாகக் கொழும்பு போய், காற்று வழியா இந்தியாவுக்கே திரும்பி வந்தது! டெல்லி 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கியதற்கு இந்தப் போட்டி ஒரு முக்கியக் காரணம்.

தமிழில் இதற்கு முகம், இல்ல, குரல் எஸ்.பி. மயில்வாகனன். அவருக்குப் பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். எழுபதுகளில் ஆச்சியின் ஒரு நாளை இவங்கதான் பங்கு போட்டாங்க. காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டால் தாத்தா துறைமுக வேலைக்குக் கிளம்பணும். அப்போ இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், அதனால கொழும்பு மணி சொன்னால் தூத்துக்குடியில் கடிகாரத்தைத் திருத்தலாம். பிறகு பிறந்தநாள் வாழ்த்து. முன்பின் தெரியாத மட்டக்களப்புக் குழந்தையின் பேரு எங்க அடுப்படியில் கேட்கும். 'இசையும் கதையும்' வந்தால் அம்மி நின்னுடும். 'பாட்டுக்குப் பாட்டு' வந்தால் தெருவே கூடப் பாடும்.

பாருங்க, இதெல்லாம் லைட்டான விஷயம்தான். கேஸ்கர் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே சரக்கு. ஆனா 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த செய்தி வந்தபோது ஆச்சி முதலில் கேட்டது என்ன தெரியுமா? அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ரேடியோவுல பேசுத பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

ஆச்சிக்கு அது வெளிநாட்டுச் செய்தி இல்ல. தினமும் வீட்டுக்கு வந்து போனவங்க மேல விழுந்த அடி. முப்பது வருஷம் ஒரே பாட்டை, ஒரே நிமிஷத்தில் சேர்ந்து கேட்டதில் உண்டான உறவு. எந்த அரசும் அதைத் திட்டம் போட்டு உண்டாக்கல. கே.எஸ். ராஜா பின்னாடி கொழும்பில் கொல்லப்பட்டார். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவங்க இன்னும் அதைச் சொல்லி வருத்தப்படுவாங்க.

பின்னாடி தூத்துக்குடியிலேயே ஆல் இந்தியா ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வந்தது. 1053 கிலோஹெர்ட்ஸில் இலங்கைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிபரப்பியது. அதே கடல், எதிர்த் திசை. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான். துறைமுகத்துக்கு அவர் பேரு வச்ச 2011-இல் பயணிகள் கப்பலும் திரும்ப விட்டாங்க. சில மாசத்தில் நின்னு போச்சு.

உங்க வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ இருந்தா, இன்னைக்கே ஒரு கேள்வி கேளுங்க: "சிலோன் ரேடியோவில் உங்களுக்குப் பிடிச்ச குரல் யாரு?" பதில் ஒரு வார்த்தையில் முடியாது. கொஞ்சம் நேரம் ஒதுக்கிட்டுக் கேளுங்க.