வேடிக்கைக் கருவி வேவுக் கருவியான கதை

1783-ஆம் ஆண்டில் மான்கோல்பியர் சகோதரர்கள் பிரான்சு நாட்டில் பலூனைப் பறக்கவிட்டபோது, மக்கள் அதனை வேடிக்கையாகவே கண்டு மகிழ்ந்தனர். பதினோராண்டுகள் கழித்து, 1794-இல், புளூரசுப் போர்க்களத்தில் பிரெஞ்சுப் படையினர் பலூனில் ஏறிப் பகைவரின் நடமாட்டத்தை வேவு பார்த்தனர்.

அவ்வரலாறு நம் காலத்திலும் நிகழ்ந்துள்ளது. சீனாவின் சென்சென் நகரத்து டிஜேஐ நிறுவனம் 2016-இல் மேவிக் புரோ என்னும் டிரோனை வெளியிட்டது. அதன் கைகளை மடக்கினால் சிறு பையில் அடங்கிவிடும். எடையோ முக்கால் கிலோவுக்கும் குறைவு. திருமணங்களையும் மலைக்காட்சிகளையும் படமெடுக்க மக்கள் அதனை விரும்பி வாங்கினர்.

2022-இல் உக்ரைனில் பெரும்போர் மூண்டது. இரு தரப்பினரும் மேவிக் வகை டிரோன்களைக் கொண்டு எதிரியின் நிலைகளைக் கண்டறிந்தனர். பீரங்கிக் குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துக் குறியைத் திருத்தினர். சிறு குண்டுகளைச் சுமக்கச் செய்து மேலிருந்து வீழ்த்தவும் செய்தனர். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் அந்நிறுவனம் இரு நாடுகளிலும் தன் வணிகத்தை நிறுத்திவைத்தது. ஆயினும் பிற நாட்டுக் கடைகள் வழியே அக்கருவிகள் களத்தை அடைந்தவண்ணமே இருந்தன.

செய்தவன் எண்ணிய பயனோடு ஒரு கருவியின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. மலைமுகட்டின் எழிலைக் காட்டிய கண்ணே, பதுங்குகுழியில் ஒடுங்கியிருந்த இளைஞனையும் காட்டிக்கொடுத்தது. நாளை புதுக்கருவிகளைப் படைக்கவிருக்கும் மாணவர்கள் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக.