பெயரில் தங்கிய பிழை

அரபுச் சொற்பொருள் வகுப்பில் மாணவர் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயம் எழுப்பினார். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை அரபு மருத்துவ நூல்கள் இன்றும் 'அல்குத்ததுந் நுகாமிய்யா' என்றே குறிக்கின்றன. 'குத்தா' என்பது சுரப்பி; 'நுகாமா' என்பது சளி. உடலின் வளர்ச்சியையே ஆளும் ஓர் உறுப்புக்குச் சளியின் பெயர் வந்தது எப்படி? இதுவே அவருடைய வினா. விடை கூறப் புகுந்த நாம் பதினெட்டு நூற்றாண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியதாயிற்று.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்காமம் நகரில் தோன்றிய கிரேக்க மருத்துவர் காலன். அரபு அறிஞர் அவரை ஜாலீனூஸ் என்பர். மூளையின் கழிவுநீர் இச்சுரப்பியின் வழியாக வடிந்து, அண்ணத்தையும் மூக்கையும் அடைந்து, சளியாக வெளியேறுகின்றது என்பது அவர் கொள்கை. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், காலனின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தளித்தார். இப்னு சீனாவும் (980–1037) தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில், உடற்கூற்றைப் பொறுத்தவரை பெரும்பாலும் காலனையே தழுவினார்.

ஐரோப்பாவிலும் இதே நிலைதான். காலனின் பிழைகள் பலவற்றைக் களைந்த வெசாலியஸ், 1543இல் வெளியிட்ட தம் நூலில் இதனை மட்டும் களையவில்லை. 'பிட்யூட்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் சளி என்பதே பொருள். 17ஆம் நூற்றாண்டில் விட்டன்பர்க் நகரத்து ஷ்னைடர், சளியானது மூக்கின் உட்சவ்விலேயே ஊறுகின்றது, மூளையிலிருந்து இறங்குவதன்று என நிறுவினார். கொள்கை வீழ்ந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஈண்டு ஒன்றை வெளிப்படையாகக் கூற விழைகின்றோம். இன்றைய விஞ்ஞானம் கண்டவை யாவும் இப்னு சீனாவின் ஏடுகளில் முன்பே உள்ளன என மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உளர். ஹார்மோன் என்பதை இப்னு சீனா அறிந்திருக்கவில்லை. இதனை ஒப்புக்கொள்வதால் அப்பேரறிஞரின் புகழ் தேய்ந்துவிடாது. நம் முன்னோரின் உண்மையான பெருமை வேறோரிடத்தில் இருக்கின்றது.

அர்ராஸீ, 'ஜாலீனூஸைப் பற்றிய ஐயங்கள்' என்று ஒரு நூலே இயற்றினார். தாம் பெரிதும் கடன்பட்டிருக்கும் ஆசான் அவர் என்று நன்றி கூறிவிட்டே மறுக்கத் தொடங்குகின்றார். கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் மறைந்த இப்னு நஃபீஸ், கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல் ஷரஹ் எழுதினார். இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இரத்தம் வலப்புறமிருந்து இடப்புறம் செல்கின்றது என்பது காலன் கூற்று. அச்சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்றே இடப்புறம் மீள்கின்றது என்று இப்னு நஃபீஸ் எழுதினார். ஷரஹ் எழுதுவோர் மூலநூலை வழிமொழிவதோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டுமோ?

இரத்தத்தின் வழியை அறியாமல் ஹார்மோனை அறிய இயலாது. ஏனெனில் இச்சுரப்பிகளுக்குக் குழாய் கிடையாது. தம் நீரை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. அதனாலேயே தமிழில் 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்கின்றோம். அரபியர் 'ஸம்மா' என்கின்றனர். உட்டுளையற்றது என்பது ஒரு பொருள், செவிடு என்பது மற்றொரு பொருள்.

1849இல் ஜெர்மானியராகிய பெர்த்தோல்டு ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். விதை நீக்கப்பட்டவை கொண்டை சிறுத்து, கூவாது, போரிடாது திரிந்தன. விதையை வயிற்றினுள் வேறிடத்தில் பொருத்தப் பெற்றவையோ முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோன நிலையிலும் இது நிகழ்ந்தமையால், செய்தி இரத்தத்தின் வழியே சென்றிருத்தல் வேண்டும் என அவர் முடிவு கண்டார்.

அக்காலத்தில் ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வு, சீரண நீரைச் சுரக்கச் செய்வது நரம்பே என்று கற்பித்தது. 1902இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், ஒரு நாயின் சிறுகுடற் பகுதியொன்றின் நரம்புகளை அறுத்துவிட்டு அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். கணையநீர் பெருகிற்று. அக்குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடித்த சாற்றை இரத்தத்தில் ஏற்றினர். மீண்டும் கணையநீர் பெருகிற்று. அச்சாற்றிலிருந்த பொருளே செக்ரடின். பாவ்லோவ் தம் ஆய்வுக்கூடத்திலேயே அச்சோதனையைத் திரும்பச் செய்வித்துப் பார்த்தார். பார்த்தபின், அவர்கள் சொல்வதே சரி என்று ஒப்பினார். 1905இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' எனப் பெயரிட்டார். கிளர்த்துதல், இயக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. 'இயக்குநீர்' என்னும் தமிழ்ச் சொல் அப்பொருளை அப்படியே தருகின்றது.

இனி, சளிப் பெயர் சுமந்த சுரப்பிக்கு வருவோம். பட்டாணி அளவேயான இது, கபால எலும்பில் துருக்கிச் சேணம் எனப் பெயர் பெற்ற குழியில் அமர்ந்துள்ளது. வளர்ச்சி இயக்குநீரைச் சுரப்பதும், தைராய்டு, அட்ரினல், இனச் சுரப்பிகள் ஆகியவற்றை ஏவுவதும் இதன் பணிகள். தைராய்டின் நீர் இரத்தத்தில் குறைந்தால், பிட்யூட்டரி தன் தூண்டுநீரை மிகுதியாக அனுப்பும், மிகுந்தால் சுருக்கிக்கொள்ளும். மருத்துவச் சோதனைத் தாளில் டி.எஸ்.எச். என்று காண்பது இத்தூண்டுநீரின் அளவே. அவ்வெண் உயர்ந்திருப்பின் தைராய்டு சோர்ந்திருக்கின்றது என மருத்துவர் பெரும்பாலும் கொள்வதன் காரணம் இதுதான். பிட்யூட்டரியும் தனியரசன்று. அதற்கு மேலே ஹைபோதலாமஸ் என்னும் மூளைப்பகுதி உள்ளது. தைராய்டு தொடர்பாக அது அனுப்பும் கட்டளைப் பொருளின் அமைப்பை கீமான், ஷாலி ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே 1969இல் கண்டறிந்தன. அவ்விருவரும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

அனைத்தையும் செவிமடுத்த மாணவர், "அப்படியாயின் அப்பெயரை மாற்றிவிட வேண்டாமா, ஹஸரத்?" என்றார். வேண்டாம் என்றோம். பேரறிஞர் வழிவழியாக நம்பிய ஒன்றும் பிழையாகலாம் என்பதை அச்சொல் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். இப்னு சீனாவை ஓதுவோர் இப்னு நஃபீஸையும் சேர்த்தே ஓத வேண்டும். மறுநாள் வகுப்பில் கானூனின் பெயரை எழுதிய பலகையில், அதற்குக் கீழே அந்த ஷரஹின் பெயரையும் எழுதி வைத்தோம்.