முன்னால் கடல், பின்னால் களப்பு: வட்டுவாகலில் வெள்ளம் வரும் வழி

முல்லைத்தீவு நகரிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்தால் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் நந்திக்கடல். 2009இல் எங்கள் சனம் போக்கிடமின்றி நின்றது இந்த ஒடுங்கிய நிலத்தில்தான். மீளக் குடியேறியவர்கள் வீடு கட்டியிருப்பதும் இதே மணலில்தான்.

கடலரிப்பு பற்றிக் கேட்கப் போன என்னிடம் ஒரு மூத்த கடற்றொழிலாளர் களப்பைக் காட்டினார். "முன்னால கடல் அடிக்கிறதைக் கண்ணால பாக்கலாம் பிள்ளை. பின்னால தண்ணி ஏறுறதுதான் தெரியாது."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வரண்ட காலத்தில் களப்பின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மாரியில் மழைநீர் நிரம்பும்போது அதை வெட்டிவிட வேண்டும். நேரத்துக்கு முன் வெட்டினால் இறால் கடலுக்குப் போய்விடும், பிந்தினால் வயலும் வளவும் மூழ்கும். எப்போது வெட்டினாலும், களப்பு நீர்மட்டம் கடலைவிட உயர்ந்திருந்தால்தான் வெள்ளம் வடியும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து உயர்ந்து நிற்கும் நாட்களிலேயே பெருமழையும் பெய்வதுதான் எங்கள் கரையின் சங்கடம்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006இற்குப் பிந்திய வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். ஒரு சாண் அளவுதானே என்று தோன்றலாம். ஆனால் இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கமே ஒரு மீற்றரை எட்டுவதில்லை. அந்தச் சாண் அளவால் வடிய வேண்டிய வெள்ளம் தேங்கி நிற்கும், கிணற்று நன்னீருக்குக் கீழே உவர்நீர் மேலெழும், சரிவு குறைந்த மணற்கரையில் அலை பல மீற்றர் உள்ளே வரும்.

அரிப்புக்குக் கடல்மட்டம் மட்டுமே காரணமல்ல. வாடையில் அலை அள்ளிப்போகும் மணலில் ஒரு பகுதி கடல் அடங்கியதும் திரும்பி வரும். மணல் அகழ்ந்த இடத்தில் அந்தக் கணக்குப் பிழைக்கிறது. ஓரிடத்தில் கல்லணை போட்டால் அரிப்பு பெரும்பாலும் பக்கத்து ஊருக்கு நகரும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயம். அதற்குள் கட்டுமானத்துக்கு அனுமதி தேவை. சுனாமிக்குப் பின் 2005இல் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் வீடு கட்டத் தடை வந்தது, பின்னர் தளர்ந்தது. கரை உள்நகர்ந்தால் எல்லைக்கோடும் வீட்டை நோக்கி நகரும்.

ஆகவே அசையாத ஒன்றிலிருந்து, கோயில் மதிலோ கிணற்றுக் கட்டோ, கரை வரையான தூரத்தை வாடைக்கு முன்னும் பின்னும் அளந்து திகதியோடு படமெடுத்து வையுங்கள். போரில் உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகம். மாரி தொடங்கமுன் இதைச் செய்துவிடுங்கள்.